பாடு என்னும் சொல்: தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் துன்பமும் அதன் பொருளும்



இப்பொழிவுக்குத் தலைப்புக் கேட்டபோது நாம் எழுதிக் கொடுத்தது 'பாடு' என்னும் ஒற்றைச் சொல். ஏற்பாட்டாளர்களுள் ஓர் இளைஞர் அதனை இசை குறித்த உரை என்று எண்ணிச் சுருதிப்பெட்டி வேண்டுமா என வினவினார். அவர்மேல் பிழையில்லை. பாடுதல் என்னும் வினையும் பாடு என்னும் பெயரும் எழுத்தில் ஒன்றாகவே நிற்கின்றன. இன்று நாம் ஆராயப் புகுவது இரண்டாவதனை. படுவதனால் வரும் பாட்டை. தைப்பிங்கில் பிறந்த ஒரு தமிழ் மருத்துவரின் மனைவி, இம்மாநிலத்துச் சிறையொன்றில் பட்ட பாட்டையும் அதனோடு சேர்த்துப் பார்க்க எண்ணுகிறோம். சொல்லின் வரலாறும் ஓர் உயிரின் வரலாறும் ஒன்றையொன்று விளக்கும் என்பது எம் நம்பிக்கை.

முதலில் இலக்கணம். 'படு' என்னும் வினைப்பகுதியின் முதல் நீண்டு 'பாடு' ஆகும். கெடு என்பது கேடு ஆவது போலவும், சுடு என்பது சூடு ஆவது போலவும், பெறு என்பது பேறு ஆவது போலவும் இது முதனிலை திரிந்த தொழிற்பெயர். இவ்வளவும் மாணவர் அறிந்ததே. ஆயினும் 'படு' என்னும் பகுதி தமிழில் ஆற்றும் பணி வியக்கத்தக்கது. காலில் முள் பட்டது, கண்ணில் பட்டது, கடன்பட்டான், அகப்பட்டான், வெட்கப்பட்டாள். இவை எவற்றிலும் எழுவாயாக நிற்பது தானாக முயன்று ஒன்றைச் செய்யவில்லை. ஒன்று அதன்மேல் வந்து விழுகிறது, அல்லது அதற்கு நேர்கிறது. ஆகவேதான் 'எழுதப்பட்டது', 'அடிக்கப்பட்டான்' என்னும் வடிவங்களுக்கும் அப்பகுதியே துணைவினையாயிற்று. நம் இலக்கணிகள் அவ்வகை வினைக்கு இட்ட பெயரையே பாருங்கள்: செயப்பாட்டுவினை. பெயருக்குள்ளேயே 'பாடு' உட்கார்ந்திருக்கிறது.

மேலைநாட்டு மொழிகளிலும் இதே உறவு காணப்படுவது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் பொருளுடைய தற்செயல். தாங்குதல், உறுதல் என்னும் பொருளுடைய ஓர் இலத்தீன் வினையடியிலிருந்தே கிறிஸ்துவின் பாடுகளைக் குறிக்கும் 'பேஷன்' என்னும் சொல்லும், நோயாளியைக் குறிக்கும் 'பேஷண்ட்' என்னும் சொல்லும், செயப்பாட்டுவினையைக் குறிக்கும் 'பேசிவ்' என்னும் சொல்லும் பிறந்தன. சிலுவையும் மருத்துவமனைக் கட்டிலும் இலக்கண நூலும் ஒரே வேரைப் பகிர்ந்துகொள்கின்றன. 

தமிழ் இதனினும் ஒரு படி மேலே போயிற்று. 'பாடு' என்னும் பெயரோடு மீண்டும் 'படு' சேர்த்துப் 'பாடுபடு' என்றோம். படுதலைப் படுதல். இரு முறை செயப்பாட்டுத்தன்மை அடுக்கிய இச்சொல்லுக்கு வழக்கில் என்ன பொருள்? கடுமையாக உழைத்தல். 'பாடுபட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள்' என்கிறோம். தனக்கு நேர்ந்ததைத் தாங்குபவரையும் தானே முன்வந்து உழைப்பவரையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி நம்முடையது. உழைப்பும் வேதனையும் பிரிக்க முடியாதபடி வாழ்ந்த மக்களே இச்சொல்லை இப்படி ஆக்கியிருக்க வேண்டும். வயிற்றுப்பாடு, அன்றாடப்பாடு, படாதபாடு, பெரும்பாடு என்று அதன் கிளைகள் விரிகின்றன. கடற்கரையிலோ மீனவர் வலையில் கிடைத்ததை 'மீன்பாடு' என்பர். அவர்க்குப் பாடு என்பது வருத்தம் மட்டுமன்று. கரைக்கு வந்து சேர்ந்த பலனும் பாடுதான்.

கடற்கரையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் கிறிஸ்தவம் பெருந்திரளாக வேரூன்றியது முத்துக்குளித்துறையில், 1530-களில், பரதவரிடையே. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் அக்கரைக்கு வந்தார். அவர்பின் வந்த அண்டிரிக் அடிகளார் எனப்படும் என்றீக்கே என்றீக்கசு தமிழைக் கற்று, 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறுநூலையும், 1586-ல் அடியார் வரலாறு கூறும் பெருநூலையும் அச்சிட்டார். அடியார் வரலாறுகளுட் பல, நம்பிக்கைக்காக வதைபட்டு இறந்தோரின் கதைகள். ஆக, தமிழில் அச்சேறிய தொடக்கக்கால உரைநடையிலேயே துன்பமும் அதன் பொருளும் பேசப்பட்டுவிட்டன.

இந்த மரபு துன்பத்துக்குச் சேர்த்து வைத்த சொற்களை ஒரு மொழியியலாளன் பார்வையால் நோக்கினால் சிறு அருங்காட்சியகம் போன்றிருக்கும். சிலுவை என்பது சிரியாக் மொழி வழி வந்தது. குருசு என்பது போர்த்துக்கீசு. வியாகுலம் என்னும் வடசொல் கலக்கத்தைக் குறித்தது. 'வியாகுல மாதா' என்று மரியன்னைக்குப் பெயரானபின் அது ஆழ்ந்த துயரைக் குறித்தது. அவஸ்தை என்றால் நிலை. ஆனால் இறக்கும் தறுவாயில் இருப்பவருக்கு எண்ணெய் பூசும் சடங்கைப் பழைய கத்தோலிக்கர் 'அவஸ்தைப்பூசுதல்' என்றே வழங்கினர். இன்று அது நோயில்பூசுதல் ஆகிவிட்டது. மென்மையான மாற்றம், ஆனால் பழைய சொல்லில் இருந்த நேர்மை போய்விட்டதோ என்று எமக்கு ஐயம். உத்தரிக்கிற ஸ்தலம் என்பது ஆன்மாக்கள் தூய்மை பெறும் இடம். ஈழத்துப் பேச்சில் 'உத்தரிப்பு' என்பது மறுமையை விட்டு இம்மைக்கு இறங்கிவந்து அன்றாட அல்லலையும் குறிக்கிறது.

இத்தனை சொற்களுக்கு நடுவிலும் கிறிஸ்துவின் துன்பத்துக்கென நிலைத்தது நம் 'பாடு'தான். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் பல சொற்களில் வேறுபடுவர். ஒரு சாரார் தவக்காலம் என்பதை மறு சாரார் லெந்து என்பர். ஆயினும் இரு சாராரின் விசுவாசப் பிரமாணத்திலும், பிலாத்துவின் ஆட்சியில் நிகழ்ந்ததைக் கூறுமிடத்து நிற்பது 'பாடுபட்டு' என்னும் ஒரே சொல். சிலுவையில் அறையப்பட்ட உருவத்துக்குக் கத்தோலிக்க வழக்கில் பெயர் 'பாடுபட்ட சுரூபம்'. கிறிஸ்துவின் மரணத்தைக் குறிக்க உயர்ந்த வடசொல் ஒன்றைத் தேடாமல், வலை இழுப்பவனும் ஏர் ஓட்டுபவனும் அந்தியில் திண்ணையில் அமர்ந்து தன் நாளைப் பற்றிச் சொல்லும் சொல்லையே எடுத்தாண்டனர். கடவுள் பாடுபட்டார் என்றால், தமிழ்ச் செவிக்கு அவர் வதைபட்டார் என்பதோடு உழைத்தார் என்றும் கேட்கிறது. எவரேனும் எண்ணித் துணிந்து செய்த தேர்வா, மக்கள் வாய்மொழியே நடத்திச் சென்றதா என்பது இருக்கட்டும், விளைவு பெரிது.

இலக்கியம் இதனை வளர்த்தது. இலங்கையில் பணியாற்றிய கோவைப் பாதிரியார் (கோவா நாட்டவர் என்பதைக் கொள்க, கோயம்புத்தூர் அன்று) யாக்கோமே கொன்சால்வஸ் 'வியாகுலப் பிரசங்கம்' இயற்றினார். தவக்காலத்தில் அதனைப் படிப்பதும் அழுவதும் ஈழத்துக் கத்தோலிக்க ஊர்களின் வழக்கம். வீரமாமுனிவர் தாயின் துயரைப் பொருளாக்கி 'அன்னை அழுங்கல் அந்தாதி' பாடினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் வைணவராய்ப் பிறந்து, 1858-ல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிக'த்தை 1894-ல் வெளியிட்டார். பனியன் தம் சமயப் பேச்சுக்காகப் பல ஆண்டு சிறையில் கிடந்தவர். அச்சிறையின் நிழல் அவர் கதைமேல் விழுந்திருக்கிறது. சிறையை அறிந்த ஒருவரின் நூல் கம்பன் நடையில் தமிழுக்கு வந்தது என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சிறையில் பட்ட பாட்டைச் சொல்லும் இன்னொரு நூலுக்கு நாம் விரைவில் வருவோம்.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். துன்பத்தை எதிர்கொள்ளத் தமிழனுக்குத் திருக்குறள் போதாதா? இடுக்கண் அழியாமை என்னும் அதிகாரம் இருக்கிறதே? இருக்கிறது, மாண்புமிக்க அதிகாரம். இடுக்கண் வரும்போது கலங்காத உள்ளத்தை, நகைக்கும் திண்மையை அது கற்பிக்கிறது. கிறிஸ்தவ மரபின் வழி வேறு. அங்கே அழுகைக்கு இடமுண்டு. சிலுவையில் தொங்கியவரே, தாம் கைவிடப்பட்டதாகப் பழைய சங்கீதம் ஒன்றின் தொடக்கத்தைச் சொல்லிக் கதறினார் என்று நற்செய்தி கூறுகிறது. கலங்காமை அன்று, கலக்கத்தையும் யாரிடமேனும் கொண்டுபோய்க் கொடுப்பதே அவ்வழி. தமிழ்க் கத்தோலிக்கர் இதற்கு ஓர் அருமையான கூட்டுவினையை வைத்திருக்கின்றனர்: ஒப்புக்கொடுத்தல். 'இந்த வலியை இன்னாருக்காக ஒப்புக்கொடுக்கிறேன்' என்பர். பவுலடியார் கொலோசேயர்க்கு எழுதிய மடலில், கிறிஸ்துவின் பாடுகளில் எஞ்சியிருப்பதைத் தம் உடலில் நிறைவு செய்வதாக ஒரு விந்தையான கருத்தைச் சொல்கிறார். இறையியலார் பல நூற்றாண்டுகளாக மோதிக்கொள்ளும் அக்கருத்தை, எழுத்தறியாத கிழவியும் 'ஒப்புக்கொடுக்கிறேன்' என்ற ஒரு சொல்லில் நடைமுறைப்படுத்திவிடுகிறாள்.

இச்சொற்களெல்லாம் கப்பலேறி இம்மண்ணுக்கு வந்தன. தைப்பிங் என்னும் பெயருக்குச் சீன மொழியில் பேரமைதி என்று பொருள். லாருட் ஈயவயல்களில் நடந்த கொடிய கலவரங்களுக்குப் பின், 1874-க்குப் பிறகு இட்ட பெயர் அது. துன்பத்திற்குப் பின் வைத்த பெயர் என்பது எம் ஊரைப் பற்றிய எம் பெருமைகளுள் ஒன்று. 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோலா செப்பாத்தாங்குக்கு, நாட்டின் முதல் இரயில்பாதை திறக்கப்பட்டது. அதனை அமைக்க இலங்கையிலிருந்து தொழிற்படையினர் கொண்டுவரப்பட்டனர். பின்னர் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும் வந்தனர். தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்தோர் கதை தனி. இரு கூட்டத்தாரும் ஒரே கோயிலில் வெவ்வேறு வரிசையில் அமர்ந்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இருவரும் ஜெபித்த சொற்கள் ஒன்றே.

அந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுள் ஒன்றில், தைப்பிங்கில் பிறந்தவர் மருத்துவர் கார்த்திகேசு. இந்துவாய்ப் பிறந்தவர். ஆங்கில ஏடுகளில் அவர் பெயர் அப்டன் கிளமெண்ட் கத்திகாசு என்றாகிவிட்டது. ரகரம் விழுந்து, உயிர் திரிந்து, முருகன் பெயர் என்று அடையாளமே தெரியாதபடி போயிற்று. எழுத்துப்பெயர்ப்பின் கொடுமைக்கு மாணவர்க்குக் காட்ட இதனினும் நல்ல சான்று கிடைக்காது. 1919 ஜனவரியில் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் புனித அருளப்பர் ஆலயத்தில் அவர் மணந்துகொண்டவர் சிபில் டேலி. 1899-ல் சுமாத்திராவின் மேடானில் பிறந்த யூரேசியக் கத்தோலிக்கப் பெண். செவிலியும் மருத்துவச்சியும் ஆவார். சமய வேறுபாட்டால் இத்திருமணத்துக்கு முதலில் எதிர்ப்பு இருந்தது. அவ்வாண்டே பிறந்த முதல் ஆண்குழந்தை ஒரு நாள்கூட முழுதாய் வாழவில்லை. வீரம் என்று உலகம் போற்றும் பெரிய துன்பத்துக்கு முன், யாரும் போற்றாத இந்தச் சிறிய துன்பம் இருந்தது.

1926 முதல் ஈப்போவில் பிரூஸ்டர் சாலையில் இருவரும் மருந்தகம் நடத்தினர். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை நெருங்கியபோது அருகிலிருந்த ஈயச் சுரங்கச் சிற்றூரான பாப்பானுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே முதன்மைத் தெரு 74-ஆம் எண் வீட்டில் மருத்துவம் தொடர்ந்தது. காட்டிலிருந்த எதிர்ப்புப் படையினர் இரவில் வந்தனர். சிபில் அம்மையார் அவர்கள் காயங்களுக்கு மருந்திட்டார். கான்டனீசு மொழியைச் சரளமாகப் பேசியவர் என்பதால் அவர்களுக்கும் அவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. தடைசெய்யப்பட்ட வானொலியை ஒளித்துவைத்து இலண்டன் செய்தி கேட்டார். 1943-ல் குடும்பத்தார் கைதாயினர்.

அதன்பின் நடந்தவற்றை அவரே எழுதியிருக்கிறார். நகக்கண்ணில் ஊசி ஏற்றியதையும் காய்ச்சிய இரும்பால் சுட்டதையும் நாம் இங்கு விரித்துரைக்கப் போவதில்லை. வதையை விவரிப்பதில் ஒரு சுவை தோன்றிவிடும். அது கேட்போர்க்கும் சொல்வோர்க்கும் நல்லதன்று. அவர் வாய் திறந்து ஒரு பெயரைச் சொல்லியிருந்தாலும் பாப்பானில் பலர் தலை உருண்டிருக்கும். அவர் சொல்லவில்லை. முதுகெலும்பு பாதிக்கப்பட்டு நடக்க இயலாதவராய்ப் பத்து காஜா சிறையில் கிடந்து, 1945-ல் போர் முடிந்தபின் வெளிவந்தார். சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டார். அங்கே தம் நினைவுகளை எழுதினார். ஜார்ஜ் பதக்கம் பெற்றார். சிறையில் தாடையில் பட்ட உதையின் காயம் நஞ்சாகி 1948 ஜூனில் இறந்தார். ஸ்காட்லாந்தின் லானார்க்கில் அடக்கம் செய்யப்பட்ட உடல் 1949-ல் கப்பலில் திரும்பி வந்து ஈப்போ புனித மைக்கேல் ஆலயத்தருகே மறுபடி அடக்கமாயிற்று. 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்னும் அவர் நூல் 1954-ல்தான் அச்சேறியது. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்திலிருந்து எடுத்த தொடர் அது. இம்மியளவு இரக்கமும் இல்லை என்பது கருத்து. டிராம் என்பது பழைய மருந்துக்கடைத் தராசின் சிறு எடை. மருந்தை நிறுத்துக் கொடுத்த வீட்டாரின் துன்ப நூலுக்கு மருந்துக்கடை அளவையே தலைப்பாய் வாய்த்தது.

இனி, அந்நூலில் நாம் பலமுறை படித்தும் எளிதில் கடந்துபோக முடியாத ஓரிடம். அவருடைய ஏழு வயது மகள் டானைக் கொண்டுவந்து, மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டத் தொடங்கினர். தாய் பேசினால் குழந்தை பிழைக்கும். குழந்தையோ, சொல்லிவிட வேண்டாம் என்று தாய்க்குத் துணிவு கூறினாள். இறுதியில் அக்கொடுமை நிறுத்தப்பட்டது, குழந்தை தப்பினாள்.

இந்நிகழ்ச்சியை மேடைகளில் தாயின் தியாகம் என்று எளிதாகப் பேசிவிடுகின்றனர். நாம் அப்படிக் கடக்க விரும்பவில்லை. அதுவரை சிபில் அம்மையார் பட்ட பாடு அவருடையது. தம் உடலை, தம் வலியை அவர் யாருக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம்; அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. மகளின் வலியை அவர் ஒப்புக்கொடுக்க முடியுமா? ஆபிரகாம் மகனை மலைக்கு அழைத்துச் சென்ற கதையை வைத்து அமைதி சொல்வோர் உண்டு. எமக்கு அது அமைதி தரவில்லை. ஒப்புக்கொடுத்தல் என்னும் வினை தன்மை இடத்தில் மட்டுமே இயல்பாக இயங்கும் என்பதே எம் துணிபு. 'ஒப்புக்கொடுக்கிறேன்' என்றால் அது ஜெபம். 'நீ ஒப்புக்கொடு' என்று முன்னிலையில் ஏவினால் அது ஜெபமாகவும் இருக்கலாம், கொடுமையாகவும் இருக்கலாம். சொல்பவர் யார் என்பதைப் பொறுத்தது. 'அவர்கள் துன்பத்தில் பொருள் உண்டு' என்று படர்க்கையில் சொல்லும்போது பெரும்பாலும் சொல்பவரின் மனச்சாட்சிக்குத் தூக்கமருந்தாகிறது. அந்த மரத்தடியில் டான் என்னும் சிறுமி தானே வாய் திறந்து பேசினாள் என்பதே அந்நிகழ்ச்சியின் கனம். தாய்க்காக எவரும் சொல்லக் கூடாததை, மகளுக்காகத் தாயும் சொல்லக் கூடாததை, அக்குழந்தை தன்மையில் சொன்னாள். ஏழு வயதில் அப்படிச் சொல்ல நேர்ந்ததைப் பெருமை என்று கொண்டாடவும் எமக்கு மனம் வரவில்லை.

இதே இலக்கணம் வேதாகமத்திலும் இருக்கிறது. யோபு நூலைப் படித்தவர் அறிவர். பிள்ளைகளை இழந்து, உடலெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் அமர்ந்த யோபுவிடம் நண்பர் மூவர் வருகின்றனர். ஏழு நாள் அவர்கள் பேசாமல் உடன் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து காரணகாரியம் விளக்கத் தொடங்கியபின் நூல் நெடுகத் தவறே செய்கின்றனர். முடிவில் கடவுள் சினப்பது கேள்வி கேட்ட யோபுவின்மேல் அன்று. விடை சொன்ன அந்நண்பர்கள்மேல். எல்லா வினாவுக்கும் விடை சொல்லியே பழகிய எம்மைப் போன்ற ஆசிரியர்கள் இந்நூலை ஆண்டுக்கொரு முறை படிப்பது நலம்.

1984-ல் போப்பரசர் இரண்டாம் ஜான் பால் துன்பத்தின் மீட்புப் பொருளைப் பற்றி ஒரு திருமடல் எழுதினார். துன்புறுவோர் கிறிஸ்துவின் பாடுகளில் பங்கு பெறுகின்றனர் என்று விரிவாகச் சொல்லும் அம்மடல், நல்ல சமாரியன் உவமையில் வந்து நிற்கிறது. அடிபட்டு வழியில் கிடந்தவனிடம் சமாரியன் துன்பத்தின் பொருளை விளக்கவில்லை. காயத்தில் எண்ணெய் வார்த்துக் கட்டினான். தன் துன்பத்தில் பொருள் காண்பதும் பிறர் துன்பத்தைப் போக்குவதும் இரண்டு வேறு கடமைகள். முன்னதைப் பிறர்மேல் சுமத்திப் பின்னதைத் தட்டிக்கழிக்க முடியாது. பாப்பான் வீட்டில் சிபில் அம்மையார் செய்ததும் முதலில் காயம் கட்டியதுதான். பொருள் பிறகு வந்தது. அவரை வதைத்த கெம்பித்தாய் அதிகாரி யோஷிமுரா போருக்குப் பின் ஈப்போவில் நடந்த விசாரணையில் மரண தண்டனை பெற்றதையும் இங்கு நினைவுகூர்க. துன்பத்தை ஒப்புக்கொடுத்துவிட்டால் நீதி கேட்கக் கூடாது என்று இம்மரபில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஆயினும் எழுதாததைச் சிலர் படித்தனர். சம்பளம் பற்றாமல், லயத்து வீட்டுக் கூரை ஒழுக, பெரட்டுக்களத்தில் நின்று அவமானப்பட்டோர்க்கு, 'இது உன் சிலுவை, பொறுத்துக்கொள்' என்று உபதேசம் சொல்லப்பட்டதுண்டு. இந்துக்களுக்கு அதுவே தலையெழுத்து, வினைப்பயன் என்னும் பெயரில் கிடைத்தது. பெயர்தான் வேறு, பயன் அடைந்தவர் ஒருவரே. போர்க்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாய்த் தமிழர் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்கள் அக்கொடுமையை நமக்குச் சொல்கின்றன. அவர்களுள் கிறிஸ்தவரும் இருந்தனர். தம் வலிக்கு என்ன பொருள் கண்டனர் என்று எழுதி வைக்க அவர்களுக்குத் தாளும் இல்லை, நாளும் இல்லை. நம் ஊரிலேயே, ஏரிப் பூங்காவைத் தாண்டி மலையடிவாரத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 800-க்கும் மேற்பட்ட கல்லறைகள். கிறிஸ்தவர்க்கு ஒரு பக்கம், ஏனையோர்க்குச் சாலையின் மறுபக்கம். பாதிக்கும் மேற்பட்டவற்றில் பெயர் இல்லை. பெயர் இல்லாத கல்லின் முன் நின்று இத்துன்பத்துக்கு இதுவே பொருள் என்று அறிவிக்க எவர்க்கு உரிமை? தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கலாம், அவ்வளவே.

மாணவர்க்கு ஒரு பயிற்சி சொல்லி எம் சொந்தச் செய்தி ஒன்றுக்கு வருகிறோம். 'பாடு' ஈறாக வரும் சொற்களை உங்கள் வீட்டுப் பெரியோரிடமிருந்து திரட்டுங்கள். அகராதியைப் பிறகு பாருங்கள். பண்பாடு, வழிபாடு, மெய்ப்பாடு, ஈடுபாடு என்று நூல்வழக்கு உடனே வரும். பாட்டிமாரிடம் கேட்டால்தான் அகராதியில் இல்லாதவை வரும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை என நான்கு நிலைக்களன்கள் சொல்வார். நீங்கள் திரட்டும் சொற்களை அந்நான்கில் வைத்துப் பாருங்கள். எது எங்கே அடங்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எம் தாயார் இவ்வூருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எமக்கு ஒன்பது வயதாயிருந்தபோது எம் இளைய தம்பி காய்ச்சலில் இறந்தான். துக்கம் கேட்க வந்த நம்மவர்கள், ஆண்டவர் சோதிக்கிறார் என்றனர். நல்லவர்களைத்தான் சீக்கிரம் அழைத்துக்கொள்வார் என்றனர். தாயார் ஒன்றும் மறுமொழி சொல்லவில்லை. அடுத்த லயத்து அக்காள் ஒருவர், மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர், ஒன்றும் பேசாமல் குடத்தை எடுத்துப் போய்த் தண்ணீர் பிடித்து வைத்து, அடுப்பு மூட்டிவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். மூன்று நாளும் அப்படியே.

பல ஆண்டுகளுக்குப் பின், மொழியியல் மாணவனாக விடுமுறையில் வீடு வந்தபோது, தாயாரிடம் சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தோம். 'ஒப்புக்கொடுக்கிறது' என்றால் என்னம்மா என்று, பொருள் தெரிந்தும் கேட்டோம். அவர் தம் வலக்கையை நீட்டிக் காட்டினார். உளி பட்ட தழும்புகள். வெட்டுப்படும் ஒவ்வொரு முறையும் ஒருவருக்காக ஒப்புக்கொடுப்பாராம். எங்களுக்காகச் சில, அந்த அக்காளுக்காகச் சில, தம்பிக்காகப் பல. கட்டைவிரல் அடியில் இருந்த நீண்ட தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருந்தார். அது யாருக்காக என்று கேட்டோம். தம்பி காய்ச்சலாய்க் கிடந்த அந்த வாரம், வேலைக்கு வரவில்லை என்று அரைநாள் பேர் போடாத கங்காணிக்காக என்றார். பிறகு, அது மட்டும் ஒரே தடவையில் முடியவில்லை, மறுபடி மறுபடி கொடுக்க வேண்டியிருந்தது என்று சொல்லிவிட்டு, உலை கொதிப்பதைப் பார்க்க எழுந்து போனார்.